தெருப் பக்கத்துச் சன்னல்

எந்த நோயைப் பற்றி வாசித்தாலும் அந்த நோய் எனக்கு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்திரிகையில் இருதயத்தைப் பற்றி ஒரு பக்கம் வந்தால் அன்று முழுக்க மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு அலைவேன். சர்க்கரை வியாதியைப் பற்றி வந்தால் தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கும். அடிக்கடி தாகம் எடுப்பது அதன் அடையாளம் என்று எழுதியிருப்பார்களே.

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. கீழக்கரையில் அன்றைக்குப் பெண்பிள்ளைகளுக்கு அதுவே அதிகம் என்று நினைத்தார்கள். ஆனால் கற்றுக்கொண்ட எழுத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாதல்லவா. பலசரக்கு மடித்து வந்த காகிதம், கொழும்பிலிருந்து வரும் பெட்டியில் பீங்கான்களுக்கு நடுவே திணித்திருக்கும் பழைய பேப்பர், பக்கத்து வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகை, எதையும் விடமாட்டேன். கதைப் பக்கம் தங்கைக்கு, வைத்தியப் பக்கம் எனக்கு. நான் அறைக்குள் நுழைந்தால், "பேப்பர் டாக்டரம்மா வாராக, எல்லாரும் நாக்கை நீட்டுங்க" என்பாள் தங்கை.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் நிஜமாகவே ஒரு நோய் வந்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்தி. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலையாக இருந்தார். கப்பல் இறங்கி, ரயில் ஏறி, ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சட்டைக் கழுத்துதான். இரண்டு விரல் போகும் அளவுக்கு அது தொங்கியது. கடல் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இருமலுக்குக் கேட்டால் கப்பல் காற்று என்றார். சாயங்காலமானால் உடம்பு சுட்டது, அதற்கு வெயில் என்றார். மூன்று வயது மகள் வாப்பாவைப் புதிதாகக் கண்ட சந்தோஷத்தில் அவர் நெஞ்சிலேயே படுத்துத் தூங்கினாள். நான் இருமலை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்படி ஏழு வாரம் போனது. எட்டாவது வாரம் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கறை வந்தது. அதற்குச் சொல்ல அவரிடம் காரணம் இல்லை.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். சயரோகம். மலைப் பக்கம் இருந்த ஓர் ஆரோக்கிய நிலையத்தில் சேர்க்கவேண்டும், ஆனால் கட்டில் காலி இல்லை, பெயரை எழுதி வைக்கிறோம், காலியானதும் கார்டு போடுவார்கள் என்றார் பெரிய டாக்டர். எப்போது காலியாகும் என்று கேட்டதற்கு மேலே கையைக் காட்டினார். அதுவரைக்கும் ஓர் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். கார்டு வருவதற்கு என் மாமா விலாசத்தைக் கொடுத்தோம். என் உம்மாவின் தம்பி அவர். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டுக்கு அவர்தான் பெரியவர்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குள் கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பெண்ணின் பேரில் எழுதி வைத்துவிடுவார்கள். ஆண்களுக்குச் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. அவர்கள் பிறந்த வீடு அவர்களுடைய அக்காவுக்கோ தங்கைக்கோ போயிருக்கும். நல்ல காலத்தில் இதில் ஒரு குறையும் தெரியாது. ஆண் நோயில் விழுந்தால்தான் தெரியும், படுக்க அவனுக்கென்று ஒரு சுவர்கூட இல்லை என்பது. என் வீட்டுக்காரர் பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அது இப்போது அவர் அக்காவுடையது, அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள். எனக்கு மதினியான அந்த அக்கா வாசலில் நின்று தம்பியைப் பார்த்து அழுதார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன்.

மாமாவும் உம்மாவும் பேசி முடிவெடுத்தார்கள். ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு, அதில் ஓர் ஓலைக் குடிசை. கார்டு வரும்வரை அவர் அங்கே இருப்பார். தோப்புக் காவல்காரர் வேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைப்பார். நானும் மகளும் போகக்கூடாது. உம்மாவுக்குப் பேத்தியைப் பற்றிய பயம். மாமாவுக்கு என் தங்கையைப் பற்றிய பயம். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சயரோக வீடு என்று பேச்சு கிளம்பினால் யார் பெட்டியோடு வருவார்?

என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் இரண்டு கைலியும் ஒரு தொப்பியும் எடுத்து வைத்தார். பெட்டியைத் திறந்தே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஏதோ எடுத்து வைக்கவேண்டும், அது என்னவென்று தெரியவில்லை என்பதுபோல.

அந்த வாரம்தான் தங்கை பக்கத்து வீட்டிலிருந்து பத்திரிகை வாங்கி வந்தாள். வழக்கம்போல வைத்தியப் பக்கத்தைக் கிழிக்காமல் மடித்துத் தந்தாள். சென்னையில் டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி செய்து முடித்திருப்பதாக அதில் இருந்தது. சயரோகக்காரர்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும் இன்னொரு பங்கை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீடென்றால் மாளிகை இல்லை, நெருக்கடியான குடிசைகள், குறைந்த சாப்பாடு. அங்கே இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருக்கிறது. வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவிவிடவில்லை.

பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். வாசித்த நோயெல்லாம் எனக்கு வந்திருக்கிறது, வாசித்த குணம் வந்ததில்லை. முதல் தடவையாக அது வந்தது. இடுப்பிலிருந்து ஏதோ நிமிர்ந்தாற்போல இருந்தது. கத்தரிக்கோலால் அந்தப் பக்கத்தை வெட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மாமா வந்தார், வண்டி சொல்லியாகிவிட்டது என்று. நான் காகிதத்தை நீட்டினேன். அவர் வாசிக்கக் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"புள்ள, அவரை யாரும் விரட்டல. கட்டில் கெடைக்கிற வரைக்கும் அங்கன இருக்கட்டும்னுதான் சொல்றோம். தோப்புல நல்ல கடக்காத்து."

"அம்புட்டு நல்ல காத்துன்னா எல்லாருமே போவோம் மாமா."

"விளையாடுறியா? கொமருப் புள்ள இருக்குற வீடு. பேப்பர்ல எவனோ எழுதுனதை நம்பி உன் புள்ள உசுரையும் பணயம் வைக்கப்போறியாக்கும்."

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வீடு என் பேர்ல இருக்கு மாமா. வாப்பா எழுதி வச்சது. அவுக தோப்புக்குப் போனா நானும் போவேன், புள்ளையும் வரும். போகும்போது வீட்டைப் பூட்டிட்டுத்தான் போவேன்."

அப்படியென்றால் உம்மாவும் தங்கையும் தெருவில்தான் நிற்கவேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உம்மா அழுததற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். சொன்னதற்காக வருத்தப்படவில்லை. ஊர் எனக்குக் கொடுத்திருந்த ஒரே ஆயுதம் அந்த வீட்டுப் பத்திரம். அதை அன்று எடுக்காமல் வேறு எப்போது எடுப்பது?

வண்டி திரும்பிப் போனது. என் வீட்டுக்காரர் பெட்டியை மூடினார், ஆனால் துணியை வெளியே எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவரோடு மறுபடி ராமநாதபுரம் போனேன். பெரிய டாக்டர் அன்றைக்கு இல்லை. புதிதாக வந்திருந்த ஒரு சின்ன டாக்டர், சென்னைப் பக்கத்துக்காரர், இருந்தார். துப்பட்டிக்குள்ளிருந்து காகிதத்தை நீட்டினேன். அவர் ஒரு தடவை வாசித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சு."

"இது உங்களுக்கு என்ன புரிஞ்சுது?"

வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் குணமாகும், பிள்ளைக்கு ஒட்டாது என்றேன்.

"முதல் பாதி சரி. ஒட்டாதுன்னு இதுல எங்கயும் இல்லம்மா. வீட்ல இருந்தவங்க குடும்பத்துக்கும், ஆஸ்பத்திரிக்குப் போனவங்க குடும்பத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னுதான் இருக்கு. ஏன் தெரியுமா? மருந்து நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சா பரவுறது குறைஞ்சுடும். ஒட்டுறதுல பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே ஒட்டிடுது. என்ன நோய்னு தெரியாம இருந்த நாள்ல."

தெரியாமல் இருந்த நாள். ஏழு வாரம். நெஞ்சில் படுத்துத் தூங்கிய பிள்ளை. பத்துத் தடவை வாசித்தும் எனக்கு வேண்டியதை மட்டும் வாசித்திருக்கிறேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, துப்பட்டி மறைத்திருந்தது. மருந்து எழுதிக்கொண்டே வரிசையாகச் சொன்னார். இருமல் மருந்தை விட்டுவிட வேண்டும். இந்த மாத்திரைகளை ஒரு வருஷம் ஒரு நாள்கூட விடக்கூடாது. இரண்டே மாதத்தில் உடம்பு தேறிவிட்டதுபோல இருக்கும், அப்போதுதான் விடத் தோன்றும், அதுதான் ஆபத்து. துப்புவதற்கு மூடி போட்ட டப்பா, அதில் சேர்வதை எரித்துவிட வேண்டும். இருமும்போது வாயில் துணி. தட்டையும் தம்ளரையும் கண்டு பயப்பட வேண்டாம், இருமலில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளையைக் கொண்டுவந்து காட்டவேண்டும். கடைசியாக, காற்று.

"காத்து உள்ள வந்து வெளிய போகணும். அவர் இருக்கிற அறையில சன்னல் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். பொய்யில்லை. இருந்தது.

எங்கள் வீட்டில் அவர் படுத்திருந்த தெரு அறையில் ஆள் உயரத்துக்குத் தேக்கில் ஒரு சன்னல். நான் பிறந்ததிலிருந்து அது திறந்து பார்த்ததில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தெருச் சன்னலும் திறந்திருக்காது. பெண்கள் நடமாடும் வீட்டுக்குள் தெருவின் கண் விழக்கூடாது. நாங்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதுகூட வீடுகளுக்கு நடுவே ஓடும் சந்து வழியாகத்தான். பிறகு சன்னல் எதற்கு என்றால், வெளிச்சுவருக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்தது. எங்கள் சன்னலுக்குக் குறுக்கே ஒரு பலகையும் அதில் மூன்று ஆணியும் அடித்திருந்தது.

மத்தியானம் மாமா லுஹர் தொழப் போன நேரம் பார்த்து, தேங்காய் உரிக்கிற பாரையைக் கொடுத்து நெம்பினேன். மூன்றாவது ஆணி வரும்போது பலகையோடு நானும் பின்னால் விழுந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி, "வீட்டை இடிச்சிராத புள்ள, அது ஒண்ணுதான் நமக்கு இருக்கு" என்றார். ஊருக்கு வந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. சன்னலைத் தள்ளினேன். துருப்பிடித்த கீல் கத்தியது. கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் வெயிலும் ஒன்றாக உள்ளே வந்தன. தெருவில் போன இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

மறுநாள் மாமா ஆசாரியை அனுப்பினார். ஆசாரி பலகையை அடித்துவிட்டுப் போனார். சாயங்காலமே பிடுங்கினேன். மறுபடி அனுப்பினார். ஆசாரி சுத்தியலோடு வந்து நின்று, சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"தாயி, இந்தக் கட்டை இனி ஆணி தாங்காது. பெரியவுக சொல்லை நான் தட்டமுடியாது. சின்ன ஆணியா அடிச்சுட்டுப் போறேன், உங்க கைக்கு லேசா வரும்."

அவர் தெரு முனை திரும்புவதற்குள் பலகை என் கையோடு வந்துவிட்டது. மூன்றாம் தடவை மாமா யாரையும் அனுப்பவில்லை.

ஊர் பேசியது. சந்து வழியாக வந்த எதிர்வீட்டு ராத்தா, "புதுசாத் தெருவெல்லாம் பாக்குறியாமே?" என்றார். "தெருவைப் பாக்கல ராத்தா, காத்தைப் பாக்குறேன்" என்றேன். "காத்துல என்ன தெரியுது?" என்று கேட்டார். "உங்க வீட்டுல இன்னைக்குக் கணவாய்க் கறின்னு தெரியுது." எங்கிருந்து எனக்கு அந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. உள்ளே வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம் விலகிப்போனது. காரணம் அந்தச் சன்னலும் அதற்குள் படுத்திருந்த மனிதரும்தான். மாமா அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. தங்கைதான் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "சன்னலைக் கண்டு பயந்து ஓடுற மாப்பிள்ளையை வச்சு நான் என்ன செய்ய? தின்னு ராத்தா."

இப்போது சொல்லப்போவதை உம்மா இருந்தவரை ஒரே ஒருவரிடம் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கையில் ஓர் ஊசி குத்தி, மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. சின்ன டாக்டர் அளந்து பார்த்தார். கிருமி உள்ளே போயிருக்கிறது, ஆனால் நோய் இல்லை, படம் சுத்தமாக இருக்கிறது, மாதா மாதம் எடை பார்க்கவேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்றார். உம்மாவிடம், "ஒண்ணுமில்லையாம்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டி வந்திருக்கும். உள்ளே போன கிருமி போனதுதான், அவள் வாப்பாவைத் தோப்புக்கு அனுப்பினால் அது வெளியே வந்துவிடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் அவள் நெற்றியில் எத்தனை தடவை கை வைத்தேன் என்பதற்கு அளவில்லை. அவள் என் கையைத் தட்டிவிட்டு ஓடுவாள்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்று சின்னது, அதனால் தொல்லையில்லை. மற்றது பெரியது, ஒரு வேளைக்கே கை நிறைய. விழுங்கியதும் வயிற்றைப் புரட்டும், சோற்றைக் கண்டால் ஓடத் தோன்றும். முதல் இரண்டு மாதம் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். காய்ச்சல் நின்றது. சட்டைக் கழுத்து கொஞ்சம் நிறைந்தது. நான் வேளைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தம்ளர் காலியாக இருக்கும்.

ஒரு நாள் காலை மகள் உள்ளங்கையை மூடிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "உம்மா, கோழிக்கு மட்டும் வாப்பா மிட்டாய் போடுறாக" என்று கையை விரித்தாள். பாதி கரைந்த மாத்திரை.

சன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். வாழ்நாளில் முதல் தடவையாகத் தெருவுக்குத் தலையை நீட்டினேன், அது நினைவிலேயே இல்லை. கீழே சாக்கடை ஓரம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. எதிர்வீட்டுக் கோழி ஒன்று கொத்திப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

ஊரையே எதிர்த்து நான் திறந்த சன்னல் அது.

அவருடைய தகரப் பெட்டியை இழுத்து வந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன புள்ள இது?"

"கோழி தின்னாத மருந்தைத்தான் நான் உங்களைத் திங்கச் சொல்றேன், எனக்குத் தெரியும் மச்சான். ஆனா நீங்க இதைத் தின்னாதான் இந்த வீட்ல இருக்கலாம். இல்லைன்னா, மாமா என்ன, நானே வண்டியைக் கூப்பிட்டுத் தோப்புல கொண்டு போயி விட்டுருவேன். வீடு என் பேர்ல இருக்கு."

மாமாவிடம் சொன்ன அதே சொல். அவருக்குச் சுருக்கென்று தைத்தது முகத்தில் தெரிந்தது.

"உடம்புதான் தேறிருச்சே புள்ள" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு வேளையும் அதை முழுங்கும்போதுதான் நான் சீக்காளிங்கற நினைப்பே வருது."

"புள்ள கையில தடிச்சது எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றேன். சொல்லக்கூடாது என்று இருந்ததைச் சொல்லிவிட்டேன். ஊசி குத்தியதையும், அளந்து பார்த்ததையும், டாக்டர் சொன்னதையும். அவர் என் கையிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கினார். கடைசி மாத்திரைக்குப் பிறகு வாயைத் திறந்து காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், அவர் வாயைத் திறந்து காட்டுவார். நோன்பு மாதத்திலும் அப்படித்தான். நோய்க்காரருக்கு நோன்பில் விலக்கு உண்டு. ஆனால் பகலில் அவர் தம்ளரைத் தூக்குவது திறந்த சன்னலில் தெருவுக்கே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது மாதம் சளியில் கிருமி இல்லை என்றார்கள். ஒன்பதாவது மாதமும் இல்லை. ஒரு வருஷம் முடிந்து எடுத்த படத்தைச் சின்ன டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. காய்ந்த தழும்பு என்று அவர் சொன்ன இடத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். மகள் எடை ஏறிக்கொண்டே இருந்தாள். உம்மா அரிசியில் கல் பொறுக்கும் முறத்தை எடுத்துக்கொண்டு எப்போது தெரு அறைக்கு வர ஆரம்பித்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்கு அடுத்த மாதம் மாமா ஒரு தபால் கார்டோடு வந்தார். ஆரோக்கிய நிலையத்திலிருந்து வந்தது. கட்டில் காலியாகியிருக்கிறது, பத்து நாளுக்குள் வந்து சேரவும்.

மாமா கார்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "இம்புட்டு நாள் காத்திருந்து வந்திருக்கு. எதுக்கும் ஒரு ஆறு மாசம் போயி இருந்துட்டு வரட்டுமே" என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை. ஆனாலும் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

நான் தங்கையிடம் பேனா வாங்கி, புதுக் கார்டு ஒன்றில் என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினேன். நீங்கள் சொன்ன ஆள் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். அவருக்கு ஒதுக்கிய கட்டிலைக் காத்திருக்கும் வேறு ஒருவருக்குக் கொடுக்கவும். அந்த வேறு ஒருவர் யார், அவர் இத்தனை நாள் எந்தத் தோப்பில் கிடக்கிறாரோ என்று நினைத்ததும் கை நின்றது. கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன். அவருக்கு இன்றே எழுதவும்.

மாமா வீட்டில் கார்டைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் எங்கள் தெரு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார். சந்து வழியாக ஆள் அனுப்பிக் கூப்பிட நேரமில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சன்னல் வழியாகக் கையை நீட்டிக் கார்டைக் கொடுத்தேன். தபால்காரர் ஒரு கணம் தயங்கி, தரையைப் பார்த்தபடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.